ஐந்து மணிச் செய்தி

பக்கத்து வீட்டு பஸ்காரர் தினமும் சாயங்காலம் ஐந்தேகாலுக்குக் கிளம்பிப் போய் எட்டு மணிக்குத் திரும்புகிறார் என்பதை நான் வேண்டுமென்று கண்டுபிடிக்கவில்லை. என் தையல் மெஷின் ஜன்னலோரம் இருக்கிறது. ஜன்னல் மெயின் ரோட்டைப் பார்த்து இருக்கிறது. கண் என் முகத்தில் இருக்கிறது. இதில் என் தப்பு எங்கே வந்தது?

விடிவதற்கு முன்னால் டூட்டிக்குப் போய், பொழுதெல்லாம் பதினான்காம் நம்பர் பஸ்ஸை ஓட்டிவிட்டு, ஐந்து மணிக்கு வீடு வருகிற மனிதர். வந்தால் காலை நீட்டிப் படுப்பதுதானே முறை? இவர் முகத்தைக் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு மறுபடி படியிறங்குவார். கையில் பை இல்லை, அதனால் கடைக்கு இல்லை. கால்களில் தேய்ந்த ரப்பர் செருப்பு, அதனால் உடற்பயிற்சிக்கும் இல்லை. வயது நாற்பத்தைந்து. மனைவி அம்மா வீட்டுக்குப் போய் நாலு வருஷம். மிச்சத்தை நான் வேறு யாரிடமும் சொல்லவில்லை, கீழ்வீட்டு டீச்சரிடம் மட்டும் சொன்னேன்.

"எந்தத் தெருன்னு தெரிஞ்சுதா?" என்றார் டீச்சர். படித்தவர், ஆதாரம் கேட்பார்.

அந்த ஆதாரத்துக்காகத்தான் ஒருநாள் குடையை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. குடை முகத்தை மறைக்க.

அவர் எந்தச் சந்துக்குள்ளும் திரும்பவில்லை. மெயின் ரோட்டிலேயே, பஸ் போகிற வழியிலேயே, ஓரமாக நடந்தார். வண்டிகள் வேகத்தைக் குறைக்க ரோட்டின் குறுக்கே மேடு கட்டி வைத்திருக்கிறார்களே, அந்த மேடு ஒவ்வொன்றிலும் நின்றார். குனிந்து பார்த்தார். இந்தப் பக்கம் புதரை விலக்கிப் பார்த்தார், அந்தப் பக்கம் சாக்கடையை எட்டிப் பார்த்தார். பத்தடி போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி பார்த்தார். மூன்றாவது மேட்டில் சாக்கடையிலிருந்து நிமிர்ந்தவர், நேராக என் குடையைப் பார்த்தார்.

"நீங்க எதைத் தொலைச்சீங்க அக்கா?" என்றார்.

"நான் சும்மா வந்தேன். நீங்க எதைத் தொலைச்சீங்க தம்பி?"

"ஒரு ஆளை."

"யாரை?"

"அது தெரியல. தொலைஞ்சாரான்னும் தெரியல."

கிண்டல் செய்கிறாரோ என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை. அந்தச் சாக்கடை ஓரத்திலேயே நின்று விஷயத்தைச் சொன்னார். மேட்டில் சக்கரம் ஏறி இறங்கும்போது 'தொம்' என்று சத்தம் வரும். ஏறியது மேடுதானா, மனிதனா என்று ஒரு சந்தேகம் வரும். பக்கத்துக் கண்ணாடியில் பார்ப்பார், யாரும் இருக்க மாட்டார்கள். அடுத்த ஸ்டாப் வருவதற்குள், கண்ணாடியைச் சரியாகப் பார்த்தோமா என்று சந்தேகம் வரும். அதற்கடுத்த ஸ்டாப்பில், பார்த்தோமா அல்லது பார்த்ததாக நினைத்துக்கொண்டோமா என்று வரும். இப்படியே பொழுது போனதும், வழி முழுக்க நடந்து பார்த்தால்தான் சோறு இறங்கும்.

"இத்தனை வருஷத்துல யார் மேலயாவது ஏத்தியிருக்கீங்களா?"

"ஒரு கோழி மேலகூட இல்ல."

"அப்புறம் என்ன?"

"அந்த அப்புறம்தான் அக்கா பிரச்சினை."

மனைவியும் இரண்டு வருஷம் கூடவே நடந்திருக்கிறார். மொத்தம் நாற்பது மேடு. கடைசியில், "நான் உங்களோட வாழ வந்தேன், ரோடு அளக்க வரல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். நியாயம்தான்.

ஒரு பொம்பளையைத் தேடிப் போன எனக்குச் சாக்கடைதான் கிடைத்தது. ஏமாற்றத்தை மறைத்துக்கொண்டு, "இங்க பாருங்க தம்பி, இந்த ரோட்டுல ஒரு பூனை குறுக்க ஓடினாலே எனக்குத் தெரிஞ்சிடும். ஒரு ஆள் மேல பஸ் ஏறி எனக்குத் தெரியாம இருக்குமா? இன்னைக்கு ஒண்ணும் நடக்கல. வீட்டுக்கு வாங்க" என்றேன்.

தாகத்தில் இருந்தவருக்குத் தண்ணீர் கொடுத்த மாதிரி ஒரு முகம். மிச்சம் முப்பத்தேழு மேட்டையும் விட்டுவிட்டு என்னோடு திரும்பி வந்தார்.

டீச்சரிடம், "சர்க்கரை வியாதி, நடக்கிறார்" என்று சொல்லிவிட்டேன். கையில் அவ்வளவு நல்ல செய்தி இருந்தும் வாயை மூடிக்கொண்டது என் சரித்திரத்தில் அதுவே முதல் தடவை.

மறுநாள் ஐந்து மணிக்கு என் கதவை யாரோ மெதுவாக மூன்று தட்டுத் தட்டினார்கள்.

"அக்கா, இன்னைக்கு ஏதாவது…?"

"ஒண்ணும் இல்ல தம்பி."

போய்விட்டார். அன்று நடக்கவும் போகவில்லை. ஒரு வார்த்தையில் ஒரு மனிதரைக் குணப்படுத்திவிட்டோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதன்பிறகு ஒருநாள் தவறவில்லை. மெஷின் ஓடினால் கதவு தட்டுவது காதில் விழாது என்பதால் ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே நிறுத்திவிடுவேன். டீ போடுவேன். முதலில் ஒரு டம்ளர், பத்து நாளில் இரண்டு டம்ளர். அவர் உள்ளே வர மாட்டார். நிலையில் சாய்ந்து நின்றபடியே குடிப்பார்.

ஒரு கேள்வி இரண்டாயிற்று. "ஸ்கூல் முனையில?" இல்லை. "பாலத்துப் பக்கம்?" இல்லை. "நீங்களே பார்த்தீங்களா, யாராவது சொன்னாங்களா?" நானே பார்த்தேன். "எத்தனை மணிக்கு?" ஒரு 'இல்லை'யில் ஆரம்பித்தது இருபது 'இல்லை'யில் வந்து நின்றது. என் ஜன்னலுக்கு நேர் கீழேயும் ஒரு மேடு உண்டு. இரண்டேகால் மணி டிரிப்பில் அதைத் தாண்டும்போது ஸ்டியரிங் மேல் குனிந்து என் ஜன்னலைப் பார்ப்பார். நான் 'இல்லை' என்று தலையை ஆட்டுவேன். பஸ் போகும்.

உண்மையைச் சொல்வதென்றால், எனக்குப் பிடித்திருந்தது. என் மகள் வேறு நாட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து "சாப்டியா" என்று இரண்டு தடவை கேட்பாள், மூன்றாம் தடவை கேட்பதற்குள் லைன் போய்விடும். தையலுக்கு வருகிறவர்கள் பேன்ட்டைக் கொடுத்துவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் படியிறங்கிவிடுவார்கள். நான் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் டீச்சரே எடுத்துக்கொள்வார். இவர் ஒருவர்தான் என்னைத் தேடி வந்து, என்ன செய்தி என்று கேட்டு, சொன்னதை முழுசாக நம்பினார். நம்பிக்கை காலை வரைதான் தாங்கியது என்பது வேறு விஷயம்.

இப்படி மூன்று மாதம் போனது. அப்புறம் என் வாய் தன் வேலையைக் காட்டியது.

அன்று நிஜமாகவே செய்தி இருந்தது. மார்க்கெட் பக்கம் ஒரு பெரியவர்மேல் ஸ்கூட்டர் இடித்து அவர் மணிக்கட்டு உடைந்துவிட்டது. மூன்று மணிக்கே எனக்கு வந்துவிட்டது. இரண்டு மணி நேரம் அதை வாயில் அடக்கி வைத்திருந்தேன். ஐந்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

"அக்கா, இன்னைக்கு ஏதாவது…?"

"இன்னைக்கு இருக்கு தம்பி" என்றேன். ரசித்துத்தான் சொன்னேன், மறைப்பானேன். "மார்க்கெட் ஸ்டாப் பக்கத்துல. பெரியவர் ஒருத்தர், கையில ஊன்றுகோல். ரோட்டைக் கடக்கிறார். பாவம், அந்தப் பக்கம் பார்க்கிறார், இந்தப் பக்கம் பார்க்கல…"

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். யார் இடித்தது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் செய்தியில் என்ன இருக்கிறது? அதைக் கடைசிக்கு வைத்திருப்பேன். பெரியவரின் சட்டை நிறத்தைச் சொல்லி, கூட்டம் கூடியதைச் சொல்லி, ஸ்கூட்டருக்கு நான் வந்து சேர்ந்தபோது நிலையில் ஆள் இல்லை. டீ டம்ளர் தரையில் இருந்தது. படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

அவர் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். அங்கே நடந்தது எனக்குப் போலீஸ்காரர் வாயாலேயே தெரியும். வருஷத்துக்கு இரண்டு தடவை பேன்ட் இடுப்பைப் பெரிதாக்க என்னிடம்தான் கொடுப்பார்.

"நான் இடிச்சுட்டேன் சார்னு வந்து நிக்கிறார்க்கா. எதை இடிச்சீங்கன்னு கேட்டா, பெரியவரைங்கிறார். யோவ், அவரை இடிச்ச ஸ்கூட்டர்காரன் இதோ பெஞ்சுல உக்காந்திருக்கான்னேன். அதுக்கு முன்னாடி நான் இடிச்சிருந்தாங்கிறார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தைச் சொல்ல? இவ்வளவு வருஷ சர்வீஸ்ல, நான் செய்யல, நான் செய்யலன்னு அழுறவங்களைத்தான் பார்த்திருக்கேன். பெஞ்சுல இருந்தவனே எந்திரிச்சு, 'அண்ணே, வேணும்னா கேஸை நீங்களே எடுத்துக்கோங்க'ன்னுட்டான்."

போலீஸ்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகுதான் சொன்னார்: ஆளை அனுப்பிவிட்டு, கடமை என்று ஒன்று இருக்கிறதே, டிப்போவுக்கு ஒரு போன் போட்டிருக்கிறார்.

டிப்போ மேலாளர் கூப்பிட்டு விசாரித்ததில், நடுவழியில் இரண்டு தடவை பஸ்ஸை நிறுத்தி இறங்கிப் போய்ப் பார்த்ததும் வெளியே வந்துவிட்டது. மனசுக்குப் பார்க்கிற டாக்டரிடம் போக வேண்டும். முப்பது நாள் முன் சீட்டில் ஒரு இன்ஸ்பெக்டர் உட்கார்ந்து வருவார். அந்த முப்பது நாளில் ஒரு தடவை காரணம் இல்லாமல் வண்டியை நிறுத்தினாலும் ஸ்டியரிங்கை மறந்துவிட வேண்டியதுதான். பயணிகள் மறந்துவிட்டுப் போகிற குடைகளை வைத்திருக்கிறார்களே, அந்த அறைக்கு மாற்றிவிடுவார்கள்.

மூன்று நாள் கழித்துத்தான் என் கதவைத் தட்டினார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"ஸ்கூட்டரை முதல்லயே சொல்லியிருக்கணும் தம்பி."

"நீங்க அதைக் கடைசியிலதான் சொல்வீங்க. எனக்குத் தெரியாதா" என்றார். கோபமே இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"குடை ரூம் ஒண்ணும் மோசம் இல்லையே. உக்காந்த இடத்துல வேலை."

"சரியான குடையைத்தான் கொடுத்தேனான்னு எத்தனை வீட்டுக்கு நடப்பேன் அக்கா? பஸ் ஓட்டும்போது கை ரெண்டும் ஸ்டியரிங்ல இருக்கு. எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்."

பிறகு டாக்டர் சொன்னதைச் சொன்னார். யார் உங்களுக்கு 'இல்லை, இல்லை' என்று சொல்லிக்கொண்டே இருப்பது என்று கேட்டாராம். பக்கத்து வீட்டு அக்கா என்று இவர் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா 'இல்லை' என்கிற வரைக்கும் நீங்கள் கேட்டுக்கொண்டேதான் இருப்பீர்கள், இனிமேல் 'ஆமாம்' என்று சொல்லச் சொல்லுங்கள் என்றாராம். நம்புகிற மாதிரி வேண்டாம், சிரிப்பு வருகிற மாதிரி.

"உங்களால முடியுமாக்கா?"

இதைக் கேட்க வேண்டுமா? ஒன்றைப் பத்தாக்குவது எனக்குக் கைவந்த கலை. அதற்கு டாக்டர் சீட்டே எழுதிக் கொடுப்பார் என்று மட்டும் நான் நினைத்ததில்லை.

மறுநாள் ஐந்து மணி. தட்டினார், கேட்டார்.

"ஆமா தம்பி. மூணு பேர்" என்றேன்.

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனாலும் நான் விடவில்லை.

"மூணு பேரும் பயங்கரக் கோபத்துல இருக்காங்க. பஸ் எட்டு நிமிஷம் லேட்டாம். நேரத்துக்கு வந்திருந்தா அப்பவே அடிபட்டு வீட்டுக்குப் போயிருப்பாங்களாம்."

அவர் வாயின் ஒரு ஓரம் மட்டும் லேசாக அசைந்தது.

அதற்கடுத்த நாள் ஒன்பது பேர். அதற்கடுத்த நாள், "பதினேழு. ஒரு பாண்டு வாத்தியக் கோஷ்டி முழுக்கப் போச்சு. பெரிய ட்ரம் அடிக்கிறவர் மட்டும் தப்பிச்சார். உங்களுக்குக் கேட்ட 'தொம்' அவருதுதான்."

அன்றுதான் அவர் சிரித்து முதல் தடவையாகப் பார்த்தேன். பல்லெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இத்தனை நாளாக ஏன் மறைத்து வைத்திருந்தாரோ.

"ஒட்டகம் ஏதாவது மாட்டுச்சாக்கா?"

"ஒட்டகத்துக்கு நாளைக்குத்தான் லீவு. நாளைக்கு வரும்."

சிரிப்பு வந்ததால் பயம் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். சிரிக்கும்போதும் ஒரு கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருக்கும், நகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கும். ஆனாலும் நடக்கப் போகவில்லை. பஸ்ஸை நிறுத்தவில்லை. இன்ஸ்பெக்டர் முன் சீட்டில் தூங்கி வழிகிறார் என்று சொன்னார். நான் காலையிலிருந்தே சாயங்காலச் செய்தியை யோசிக்க ஆரம்பித்தேன். ஜிப் மாற்றும்போது ஒட்டகம், காலரைத் திருப்பித் தைக்கும்போது சர்க்கஸ் கம்பெனி. தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்று டீச்சர் வேறு யாரிடமோ சொன்னதாகக் கேள்வி.

இருபதாவது நாள் வந்தவர் கேள்வி கேட்கவில்லை.

"டாக்டர் இதையும் நிறுத்தச் சொல்லிட்டாங்க அக்கா."

"ஏன், ஒட்டகம் அதிகமாப் போச்சா?"

"போன ஞாயித்துக்கிழமை நீங்க பட்டன் வாங்கக் கடைக்குப் போனீங்கள்ல? ஒரு மணி நேரம் உங்க கதவு முன்னாடி நின்னேன். நீங்க சொல்ற ஜோக்கைக் கேக்காம வீட்டுக்குள்ள போக முடியல. இதுவும் அதுவாவே ஆயிடுச்சாம். ஜோக்கை நானே எனக்குச் சொல்லிக்கணுமாம். ஒரே ஒரு தடவை. உங்ககிட்ட வரக்கூடாது."

"ஜன்னல்?"

"ஜன்னலையும் பார்க்கக்கூடாதாம்."

"நல்லதுதானே தம்பி. எனக்கும் வேலை கிடக்கு. டீ ஆறுது பாருங்க" என்றேன்.

குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைக்க வேண்டும் என்று முதல் தடவையாக உள்ளே வந்தார். கழுவினார். போனார். அன்று அந்தப் போலீஸ்காரர் பேன்ட்டின் ஒரு காலை அடியில் முழுசாகச் சேர்த்துத் தைத்துவிட்டேன். ஒரு காலோடு அவர் எந்தத் திருடனைத் துரத்துவது? உட்கார்ந்து பிரித்தேன்.

அதற்குப் பிறகு கதவு தட்டவில்லை. ஐந்து மணிக்குச் செருப்புச் சத்தம் படியேறும், என் வாசலைத் தாண்டும், அந்தப் பக்கம் பூட்டுத் திறக்கும். இரண்டேகால் மணிக்குப் பஸ் என் ஜன்னலைத் தாண்டும். அவர் கண் ரோட்டிலேயே இருக்கும். நான் மேலிருந்து பார்ப்பேன். என்னை அவர் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொன்னாரே தவிர, நான் பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை.

முப்பதாவது நாள் காலையிலிருந்து மழை. இரண்டு மணிக்கு விட்டது. ஜன்னலுக்குக் கீழே ரோட்டில் முழங்கால் தண்ணீர் நின்றதில் அந்த மேடு இருக்கிற இடமே தெரியவில்லை. பதினான்கு வந்தது. முன் சீட்டில் இன்ஸ்பெக்டர், மடியில் நோட்டு, இன்று முழித்திருந்தார்.

'தொம்.' எனக்கே தூக்கிப் போட்டது. அப்படி ஒரு சத்தம்.

பஸ் நின்றுவிடவில்லை. ஆனால் ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. பஸ்காரர் ஸ்டியரிங் மேல் குனிந்து, கண்ணாடி வழியாக நிமிர்ந்து என் ஜன்னலைப் பார்த்தார். அந்த முகம் எனக்குத் தெரியும். சாக்கடை ஓரத்தில் குடைக்கு அடியிலிருந்து நான் பார்த்த முகம்.

ஒரு தலையாட்டல் போதும். 'இல்லை' என்று ஒரே ஒரு தடவை. பஸ் போய்விடும், இன்ஸ்பெக்டர் நோட்டில் எழுத ஒன்றும் இருக்காது, ஸ்டியரிங் அவருக்கே. சாயங்காலம் ஐந்து மணிக்கு என் கதவும் தட்டப்படும், நாளைக்கும் தட்டப்படும். எல்லோருக்கும் லாபம். இதையெல்லாம் நான் அந்த நொடியிலேயே யோசித்துவிட்டேன். வம்பு பேசுகிறவளுக்கு மூளை கொஞ்சம் வேகமாகத்தான் ஓடும்.

திரையை இழுத்தேன்.

அந்தத் திரை நானே தைத்தது. மாட்டிய நாளிலிருந்து ஒருநாளும் மூடியதில்லை. வளையமெல்லாம் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்ததில் தூசி கொட்டி, தும்மல் வந்தது. துணிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு காதை மட்டும் தீட்டி வைத்தேன். இறங்குவதென்றால் முதலில் பஸ் கதவு 'புஸ்' என்று திறக்க வேண்டும். ஹாரன் கேட்டது. யாரோ திட்டினார்கள். தண்ணீர் சளசளத்தது. 'புஸ்' வருகிறதா, வருகிறதா என்று நின்றேன்.

கியர் விழுகிற சத்தம் கேட்டது. எஞ்சின் உறுமிக்கொண்டு தள்ளிப் போனது. இத்தனை வருஷத்தில் என் ஜன்னலுக்குக் கீழே நடந்த ஒன்றை நான் பார்க்காமல் விட்டது அன்றுதான்.

ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மெஷினை நிறுத்தினேன். டீ போட்டேன். கை பழக்கத்தில் இரண்டு டம்ளர் எடுத்துவிட்டது. செருப்புச் சத்தம் படியேறி வந்தது. என் வாசலில் நின்றது.

நான் கதவுக்கு இந்தப் பக்கம் மூச்சு விடாமல் நின்றேன். என்னிடம் செய்தி தயாராக இருந்தது. மொத்தம் நாற்பது பேர், ஒரு ஒட்டகம், ஒட்டகத்தின் மேல் குடை பிடித்துக்கொண்டு இன்ஸ்பெக்டர். பத்து நாள் உழைப்பு.

செருப்புச் சத்தம் நகர்ந்தது. பூட்டுத் திறந்தது. கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ முணுமுணுப்பு, பிறகு ஒரு சிரிப்பு. சின்னச் சிரிப்புதான், ஒற்றை ஆள் சிரிப்பு. என்ன சொல்லிக்கொண்டார் என்று கேட்க அந்த இரண்டாவது டம்ளரைக் காலி செய்து சுவரில் கவிழ்த்துக் காதை வைத்தேன். அதற்குள் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் சத்தம்தான் கேட்டது.

மறுநாள் இரண்டேகாலுக்குத் திரையை இரண்டு விரல் அகலம் விலக்கி வைத்திருந்தேன். பதினான்கு வந்தது. அவர்தான் ஓட்டினார். முன் சீட்டில் இன்ஸ்பெக்டர் இல்லை, காய்கறிப் பையோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். மேட்டில் ஏறி இறங்கியது. பஸ்காரர் வாய் மட்டும் ஏதோ அசைந்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

படியில் டீச்சர் பிடித்துக்கொண்டார்.

"என்ன, உங்க பஸ்காரர் இப்பல்லாம் உங்க வீட்டுப் பக்கம் வர்றதில்ல போல? ஏதாவது செய்தி?"

"ஒண்ணும் இல்ல டீச்சர்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

மேலே வந்து தைக்க உட்கார்ந்தேன். ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மெஷினை நிறுத்தினேன். நூல் அறுந்துவிட்டதோ என்று ஒரு சந்தேகம். அறுந்திருக்கவில்லை. எதற்கும் இன்னொரு தடவை பார்த்தேன்.